கோர்ட் ஆன்ட்டி வீட்டுக் கேட்

எக்ஸ்ரேயை மறுபடி எடுப்பதற்குள் போதுமான அளவு அழுதுவிட்டால், முதல் படத்தில் தெரிந்த நிழலை ஆண்டவர் துடைத்துவிடுவார் என்று நான் நம்பினேன். போதுமான அளவு என்றால் எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் கோர்ட் ஆன்ட்டியிடம் போனேன்.

இதைச் சொல்பவன் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். பாதித் தலை வழுக்கையானவன். தீப்பிடித்தால் பதறாமல் கட்டடத்தைவிட்டு இறங்குவது எப்படி என்று ஒரு பெரிய கம்பெனியின் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மைக்கைப் பிடித்து, "யாரும் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, லிஃப்ட் பக்கமே போகக் கூடாது" என்பேன். டிசம்பர் ஆரம்பத்தில் கம்பெனி செய்வித்த உடல் பரிசோதனையின் ரிப்போர்ட் வந்த அன்று நான் கத்தினேன், ஓடினேன், லிஃப்டில்தான் இறங்கினேன்.

வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் சிறிய நிழல், திரும்ப ஒரு படம் எடுத்துப் பார்க்கவும் என்று போட்டிருந்தது. போனில் பேசிய டாக்டர் பெண், "பயப்பட ஒண்ணும் இல்ல சார், எதுக்கும் ஒரு வாட்டி ரிப்பீட் பண்ணிடுங்க" என்றார். அதில் என் காதில் விழுந்தது "எதுக்கும்" மட்டும்தான். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வீடு வந்து சேர்வதற்குள் என் அடக்க ஆராதனையில் யார் யார் பேசுவார்கள், யாரைப் பேச விடக் கூடாது என்பதுவரை முடிவு செய்துவிட்டேன்.

கோர்ட் ஆன்ட்டி எங்கள் சபைக்காரர். காக்ஸ் டவுனில் ஒரு பழைய ஓட்டு வீடு, முன்னால் இடுப்பளவு இரும்புக் கேட், உள்ளே வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோர்ட்டில் நீதிபதிகள் சொல்லும் தீர்ப்புகளை டைப் அடிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானத்தின்போது வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைப் பாஸ்டர்கூடப் பயன்படுத்தியதில்லை. ஒல்லி, நல்ல உயரம், வெள்ளைக் காட்டன் புடவை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். கன்டோன்மென்ட் பக்கம் வளர்ந்த பழைய ஆட்களைப் போல எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் "மேன்" என்றுதான் கூப்பிடுவார். நானும் மேன், பாஸ்டரும் மேன், என் மனைவியும் மேன்.

அவரைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதன் கிளை. ஒரு முடிவைச் சொல்லிவிட்டால் அவர் மாற்ற மாட்டார். யாராவது கெஞ்சினால், "டைப் ஆயிடுச்சு மேன்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

வேலையில் இருந்தபோது ஒரு எழுத்து தவறினாலும் வெள்ளை மை பூச மாட்டாராம். தாளை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு முழுப் பக்கத்தையும் புதிதாக அடிப்பாராம். நீதிபதியின் கையெழுத்து விழுந்துவிட்டால் அந்த வழியும் அடைந்தது. "வராந்தா முழுக்க ஜனங்க உக்காந்து அழுதுக்கினு இருப்பாங்க. அவங்களத் தாண்டித்தான் டிபன் பாக்ஸ் கழுவப் போவேன். நல்லவங்களும் அழுதாங்க, திருட்டுப் பசங்களும் அழுதாங்க. பேப்பருக்கு வித்தியாசம் தெரியாது மேன்" என்று ஒருமுறை சொன்னார்.

கோயில் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை சுருதி விலகியது. சரிசெய்யும்வரை பாட மாட்டேன் என்று பாடகர் குழுவில் அறிவித்தார். கமிட்டி கமிட்டிபோல நடந்துகொண்டது. ஈஸ்டர் போயிற்று, அறுப்பின் பண்டிகையும் போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் ஆன்ட்டி தன் இடத்தில் வந்து நின்றார், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்தார், வாயைத் திறக்கவில்லை. பக்கத்தை மட்டும் சரியான நேரத்தில் திருப்புவார். சபைக்குப் புதிதாக வந்த ஒரு குடும்பம், பாவம் வாய் பேச முடியாதவர் போலிருக்கிறது, அப்படியும் ஆண்டவரைத் துதிக்க நிற்கிறாரே என்று சாட்சியே சொல்லிவிட்டது. கடைசியில் ஆர்மோனியத்தைச் சரிசெய்தார்கள். அந்த ஞாயிறு அவர் பாடியதைக் கேட்ட பிறகு, அவசரப்பட்டுவிட்டோமோ என்று கமிட்டியில் சிலர் வருத்தப்பட்டார்கள்.

மற்றவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கறார் என்றால் அவரை நான் இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்க மாட்டேன். ஒரு மழைக்காலத்தில் தன் குடையை என் மனைவி எடுத்துக்கொண்டு போய்விட்டதாகக் கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். குடை அவர் வீட்டு அலமாரிக்குள்தான் இருந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு அதே வாசலில், அதே நாலு பேரையும் நிற்கவைத்து, "இவ எடுக்கல. நான்தான் தப்பாப் பேசினேன். மன்னிச்சிக்க மேன்" என்றார். என் மனைவி பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆன்ட்டி அந்தக் குடையைக் கோயில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் குடை பிடித்து நான் பார்த்ததில்லை. பெங்களூர் மழை எப்போது வரும் என்று வானிலைக்காரர்களுக்கே தெரியாது; ஆன்ட்டி நனைந்துகொண்டே காய்கறி வாங்கப் போவார். "அவதான் மன்னிச்சிட்டாளே ஆன்ட்டி" என்றேன். "மன்னிச்சா. குடை வேற" என்றார்.

சபையில் மனந்திரும்புதலைப் பற்றிக் கேட்க வேறு ஆள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். எனக்கு வேண்டியது ஆறுதல் இல்லை, உத்தரவாதம்.

வராந்தாவில் உட்கார்ந்து, பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். "ஆன்ட்டி, சும்னே ஒரு டவுட்டு. மனந்திரும்பினா ஆண்டவர் தீர்ப்ப மாத்துவாரா?"

"யாருக்கு?"

"பொதுவாத்தான்."

"பொதுவா யாரும் தீர்ப்பு எழுத மாட்டாங்க மேன். கேஸுக்கு ஒரு பேரு வேணும்."

என் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "எசேக்கியான்னு வெச்சிக்குங்களேன்" என்றேன்.

எசேக்கியா ராஜா வியாதியாகப் படுத்திருந்தபோது தீர்க்கதரிசி வந்து, வீட்டு விவகாரங்களை முடித்துக்கொள், நீ பிழைக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ராஜா சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். தீர்க்கதரிசி முற்றத்தைத் தாண்டுவதற்குள் ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பி, பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்தார். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதன் வேகம். எங்கள் படுக்கையறையில் அழுவதற்குத் தோதான சுவர் எது என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன். கிழக்குச் சுவரில் பீரோ இருந்தது.

"அது மாத்தினது இல்ல. ஸ்டே" என்றார் ஆன்ட்டி. "பதினஞ்சு வருஷம் கழிச்சு செத்தானா இல்லியா?"

"செத்தார்."

"அப்ப?"

"சரி, ஆகாப்? அவ்ளோ கெட்ட ராஜா, கோணித்துணி ரெட்டு கட்டிக்கிட்டு நோன்பு இருந்தவுடனே ஆண்டவர் எறங்கினாரே?"

"வாய்தா. அவன் காலத்துல வேணாம்னு தள்ளி வெச்சாரு. அவன் புள்ள காலத்துல வந்து விழுந்திச்சி."

"மோசே?"

"தள்ளுபடி. அந்த ஊருக்குள்ள போவணும்னு எவ்ளோ கெஞ்சினாரு. இதப் பத்தி இனிமே எங்கிட்ட பேசாதன்னுட்டாரு. மலைமேல ஏத்தி, வெளிய இருந்து பாக்க வுட்டாரு. உள்ள வுடல."

"தாவீது?" என்றேன்.

ஆன்ட்டி டீ தம்ளரைக் கீழே வைத்தார். "புள்ள பொழைக்கணும்னு தரையில கெடந்து அழுதான். புள்ள போயிடுச்சி. எழுந்து குளிச்சிட்டு, கோயிலுக்குப் போயிட்டு, வந்து சாப்ட்டான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மேன்."

என்னிடம் ஒரே ஒரு சீட்டு பாக்கி இருந்தது. "அப்ப நினிவே? ஒரு ஊரையே அழிக்கிறேன்னு யோனாவ அனுப்பிச் சொல்லிட்டு, அவங்க அழுதவுடனே மொத்தமா விட்டுட்டாரு. ஸ்டே இல்ல, வாய்தா இல்ல. ரத்து!"

ஆன்ட்டி கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது ஒண்ணு கீது" என்றார் கடைசியில். "அதுதான் எனக்குப் புரியல. யோனா ஊர் முழுக்க நடந்து சொல்லிட்டான். சொன்னது நடக்கலன்னா அவன் மூஞ்சிய எங்க வெச்சிப்பான்? கோவம் வராம இன்னா பண்ணும்?"

"உலகத்துலயே யோனா கட்சியில இருக்கிற ஒரே ஆள் நீங்கதான் ஆன்ட்டி."

"யாராச்சும் ஒருத்தர் இருக்கணும் இல்ல" என்றவர், சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப சொல்லு. இன்னா ஆச்சு உனக்கு?"

சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது. எல்லோரையும் சிரிக்கவைப்பவன் என்று சபையில் எனக்கிருந்த பெயருக்கு அது பெரிய அவமானம்.

"திருப்பி படம் எடுத்தியா?"

"இல்ல ஆன்ட்டி. மொதல்ல மனந்திரும்பிட்டு அப்புறம் எடுக்கலாம்னு..."

"தீர்ப்பே வரல, அதுக்குள்ள அப்பீல் போட வந்துட்டியா? சாக்கு மேன். போய் மொதல்ல படத்த எடு."

நான் போய்ப் படம் எடுக்கவில்லை. நினிவேயைப் பிடித்துக்கொண்டேன். அங்கே மாடுகளுக்குக்கூட ரெட்டு உடுத்தினார்கள். என்னிடம் மாடு இல்லை. இருப்பதில் அதற்கு மிக அருகில் வருவது என் ஸ்கூட்டர்தான். அதன்மேல் ஒரு கோணியைப் போர்த்தினேன். மனைவி பார்த்துவிட்டு, "மழை வரப்போவுதா?" என்றாள். ஆமாம் என்றேன். பொய் சொன்னதற்காக இன்னொரு தடவை மனந்திரும்ப வேண்டியிருந்தது. உபவாசம் காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. பதினோரு மணிக்கு ஆபீஸ் கேன்டீனில் ஒரு தோசையில் முடிந்தது.

பிறகு பாஸ்டர். வருஷக்கணக்காக அவர் ஆசீர்வாதம் கூறுவதை நான் நடித்துக் காட்டி வந்திருக்கிறேன். கையைத் தூக்கி, கண்ணை மூடி, நடுவில் ஒரு இருமல் இருமி, விட்ட இடம் மறந்து முதலிலிருந்து தொடங்குவார். கல்யாண வீடுகளில் அதற்குத் தனி வரவேற்பு உண்டு. எனக்கு விதிக்கப்பட்ட நிழல் இதற்காகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்குப்பா?" என்றார்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அவருக்கு இந்த விஷயமே தெரியாது.

சொன்னேன். அவர் புன்னகை செய்து, "எங்க, செஞ்சு காட்டுங்க பாக்கலாம்" என்றார். வேண்டாம் பாஸ்டர் என்றேன். பரவாயில்லை என்றார். செய்தேன். சமையலறையிலிருந்து அவர் மனைவி வெடித்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம்கூடக் கீழே விழுந்தது. பாஸ்டர் சிரிக்கவில்லை. அந்த ஞாயிறு ஆசீர்வாதம் கூறும்போது அவர் கை பாதி தூரம்தான் உயர்ந்தது. இருமலை அடக்கி அடக்கி முகம் சிவந்துவிட்டது. என் நுரையீரலின் நிழல் அன்று கொஞ்சம் பெரிதானதாக எனக்குத் தோன்றியது.

இந்த இடத்தில் ஆன்ட்டியின் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர்கள் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். அப்போது தங்கை ஒரு ஜெபக் குழுவோடு சேர்ந்திருந்தார். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் பாவத்தை அறிக்கையிட்டு மனந்திரும்பினால் வியாதி திரும்பிப் போய்விடும், மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று அந்தக் குழுவில் சொல்லியிருக்கிறார்கள். அக்கா கோர்ட்டுக்குப் போன பகல் வேளைகளில் தங்கை அம்மாவின் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். விஷயம் தெரிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது நேரம் கடந்துவிட்டது.

அடக்கத்துக்குப் பெட்டியைத் தூக்கும்போது நானும் ஒரு மூலையைப் பிடித்திருந்தேன். தங்கை எல்லோர் முன்னாலும் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வீட்ல யாரோ பாவத்த மறைச்சு வெச்சிருக்கீங்க. அதனாலதான் ஆண்டவர் தீர்ப்ப மாத்தல."

ஆன்ட்டி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அம்மாவின் பெட்டிக்குமேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னிக்கி நீ வெளிய போனா, திரும்பி என் கேட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது" என்றார்.

டைப் ஆகிவிட்டது.

சில வருஷங்கள் கழித்துத் தங்கையின் கணவர் படுத்தார். அதே குழு அதே வார்த்தையைத் தங்கையிடம் சொன்னது: உன்னிடம்தான் மறைத்துவைத்த பாவம் இருக்கிறது. கணவரை அவர் டாக்டரிடம் கொண்டுபோனார், மனிதர் பிழைத்துக்கொண்டார். அந்தக் கிறிஸ்துமஸ் மதியம் ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் ஏறி வந்து, அக்கா வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "அக்கா, மாத்திரைய நிறுத்தினது நான்தான். அன்னிக்கி நான் சொன்னதும் தப்பு. மன்னிச்சிடு" என்றார்.

ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "தெரிஞ்சிக்கினியே, சந்தோஷம். ஆனா டைப் ஆயிடுச்சு."

அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மதியமும் தங்கை வந்தார். மாவைச் சுருட்டிப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டிய குல்குல் ஒரு டப்பா நிறையக் கொண்டுவருவார். கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்பார். பையைக் கேட்டின் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆன்ட்டி அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அடுத்து வருகிற ஆளிடம், "எடுத்துக்கினு போ மேன்" என்று கொடுத்துவிடுவார். அடுத்து வருகிற ஆள் பெரும்பாலும் நான்தான். தங்கையின் மன்னிப்பை வருஷா வருஷம் தின்று தீர்த்தவன் நான் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

எனக்கு நிழல் விழுந்த அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து, மனைவி கொடுத்த கேக்கை எடுத்துக்கொண்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். கேக் ஒரு சாக்கு. நான் இன்னும் படம் எடுக்கவில்லை. நினிவே விஷயத்தில் ஆன்ட்டி ஏதாவது யோசித்து வைத்திருப்பாரா என்று பார்க்கத்தான் போனேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கேட்டுக்கு வெளியே தங்கை வந்து நின்றார். கையில் டப்பாப் பை. மூச்சு வாங்கியது, பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்திருப்பார். அந்த ஒரு வருஷத்தில் முடி முழுக்க வெளுத்துவிட்டது. ஆன்ட்டி எழுந்து உள்ளே போவதற்காக நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார்.

நான் நல்லவன் என்பதால் செய்தேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். செய்ததற்குக் காரணம் பயம். ஒரு நல்ல காரியம் கண்ணெதிரே கேட்டுக்கு வெளியே நிற்கிறது. எனக்கோ கணக்கில் ஏதாவது ஏற வேண்டும். ஓடிப்போய்த் தாழ்ப்பாளை விலக்கிக் கேட்டை அகலத் திறந்துவிட்டேன்.

"உள்ள வாங்க ஆன்ட்டி."

தங்கை காலை நகர்த்தவில்லை. "வேணாம்பா. அக்கா சொல்லல."

பின்னாலிருந்து குரல் வந்தது. "அது உன் வீட்டு கேட்டா மேன்?"

அதற்கு ஒரு ஜோக் அடித்துச் சமாளித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஆன்ட்டி, நான் சாகப்போறேன். சாகப்போறவன் கேக்கறேன். எனக்காக இத ஒண்ண மாத்திடுங்க. நீங்களே மாத்த மாட்டீங்கன்னா, அப்புறம் எனக்கு யாரு மாத்துவா?"

"படம் எடுத்தியா?"

"இல்ல."

"அப்பறம் இன்னா சாவு?"

தங்கை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா அழுகையை அடக்கினாரா என்று தெரியவில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து இரண்டு தலைகள் எங்களைப் பார்த்தன. ஆன்ட்டி வராந்தாவில் நின்றபடி தங்கையைப் பார்த்தார். நான் அறிந்தவரையில் அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெகுநேரம் பார்த்தார். அப்புறம் தன் நாற்காலியைத் தூக்கினார். சரி, நாற்காலியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னொண்ண நீ தூக்கு மேன்" என்றார். "கேட்டுக்கு அந்தப் பக்கம் போடு."

இரண்டு பிரம்பு நாற்காலிகளையும் கேட்டுக்கு வெளியே நடைபாதையில் போட்டோம். ஆன்ட்டி தெருவில் இறங்கி ஒன்றில் உட்கார்ந்தார்.

"அப்ப மாத்திட்டீங்களா ஆன்ட்டி?" என்றேன்.

"இன்னாத்த மாத்தினேன்? கேட்ட மூடு. நாய் வரும்."

மூடினேன். தங்கை மற்ற நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டர்கள் வளைந்து போயின. ஆன்ட்டி பையிலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு குல்குல்லை வாயில் போட்டு மெதுவாகக் கடித்தார்.

"சோடா ஜாஸ்தி."

"அம்மாவும் ஜாஸ்திதான் போடுவாங்க."

"ஆமா. அம்மாவும் ஜாஸ்திதான்" என்றார் ஆன்ட்டி. இன்னொன்று எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் எனக்கு டப்பா கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அவரே லிங்கராஜபுரம் வந்து, "கெளம்பு மேன்" என்று என்னைப் படம் எடுக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்த டெக்னீஷியன் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொன்னார், என் மார்க்காம்புகள் இரண்டிலும் பொட்டுப்போல ஏதோ சின்ன உலோகத் துண்டை ஒட்டினார். படம் எடுத்தார். டாக்டர் பார்த்தார். முதல் படத்தில் நிழலாக விழுந்திருந்தது என் வலது மார்க்காம்பு. சிலருக்கு அப்படி விழுவது உண்டாம். சந்தேகம் தீர்க்கத்தான் திரும்ப எடுக்கச் சொன்னார்களாம்.

நான் உபவாசம் இருந்தது, ஸ்கூட்டருக்குக் கோணி போர்த்தியது, ஒரு போதகரின் ஆசீர்வாதத்தைக் கெடுத்தது எல்லாம் என் சொந்த மார்க்காம்புக்காக. இதைக் கல்யாணமாகாத ஒரு வயதான சபைப் பெண்மணியிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல், வெளியே வந்து சட்டைக்குமேல் விரலால் காட்டினேன். ஆன்ட்டி புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும், பார்வையை அந்த இடத்திலிருந்து மரியாதையாக விலக்கிக்கொண்டார்.

"கேஸே இல்ல" என்றார்.

அழுததுக்குப் பலன் உண்டா என்று பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன். "நல்லா அழுத மேன்" என்று மட்டும் சொன்னார்.

நாற்காலிகள் கிறிஸ்துமஸோடு நிற்கவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, பிறகு எல்லா ஞாயிறு மதியமும். வெயில் வந்தால் மதிலோரமாக நகர்த்திக்கொள்வார்கள். கூரியர்க்காரர்களும் ஆட்டோக்காரர்களும் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள். மழையில்தான் பார்க்க வேடிக்கையாக இருக்கும். தங்கை குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குடையை அக்கா பக்கம் சாய்ப்பார். அக்கா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு நனைவார். பேச்சு நிற்காது. "எதுக்கு இந்தப் பேஜாரு ஆன்ட்டி, உள்ளதான் கூப்ட்டுடுங்களேன்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். பாஸ்டரும் சொல்லிப் பார்த்தார். பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருமுறை மட்டும் அந்தப் பதிலைச் சொன்ன பிறகு அவராகவே, "அவளும் கேக்கறது இல்ல மேன்" என்றார்.

போன பிப்ரவரியில் ஒருநாள் காலை, வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை ஆன்ட்டி எடுக்கவில்லை என்று பக்கத்து வீட்டார் கவனித்தார்கள். தூக்கத்திலேயே போயிருந்தார்.

மதியத்துக்குள் பெட்டி வந்தது. கூடத்தில் வைத்துப் பாடினோம். தங்கை வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். கேட் திறந்துதான் கிடந்தது. சபையே போவதும் வருவதுமாக இருந்தது. பாஸ்டர் வெளியே போய் அவர் கையைப் பிடித்து, "இனிமே என்னம்மா இருக்கு, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். "அக்கா சொல்லல பாஸ்டர்" என்றார் தங்கை. அழுதுகொண்டிருந்தார், ஆனால் பிடிவாதமாகச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வராந்தாவுக்குப் போய் இரண்டு பிரம்பு நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டுபோய் நடைபாதையில் எதிரெதிராகப் போட்டேன். நாலு பேர் பெட்டியைத் தூக்கினோம். கேட்டைத் தாண்டி வந்து அந்த நாற்காலிகளின்மேல் இறக்கி, பிரம்பு தாங்காது என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். தங்கை பக்கத்தில் வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். புடவை மடிப்பைச் சரிசெய்தார். வேண்டிய மட்டும் நின்றார். பிறகு மூடினோம்.

வீடு இப்போது தங்கையின் பெயரில்தான் இருக்கிறது. ஆன்ட்டி உயிலில் அப்படித்தான் டைப் செய்துவைத்திருந்தார். ஞாயிறு மதியங்களில் தங்கை பஸ் ஏறி வருகிறார். நான் போய் நாற்காலியை வெளியே எடுத்துப் போடுகிறேன். கேட்டுக்குள் அவர் இதுவரை கால் வைக்கவில்லை.